ஒன்பதாவது கட்டம்

ஜனவரி 18, சனி

பதினான்கு பக்கப் படிவம். மேலே கொட்டை எழுத்தில் ‘தலைமை மாற்றத் திட்டம்’. சென்னையிலிருந்து மைதிலி மேடம் கொண்டுவந்தார். எங்கள் அறங்காவலர்களில் விவரமானவர் அவர்தான். காபிகூடக் குடிக்காமல் சாரின் மேஜைமேல் விரித்துவைத்தார்.

சார் என்றால் ஆவுடைநாயகம். கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்தவர். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் இந்த இடைச்சிகுளத்துக்கு வந்து, குளத்துக் கருவேல மரங்களில் கூடுகட்டும் நாரைகளுக்காக ஊரையே ஒப்புக்கொள்ளவைத்து, இந்தப் பறவை அறக்கட்டளையைத் தொடங்கியவர். வயது எழுபத்திரண்டு. ஊருக்கு வாத்தியாரய்யா. எனக்கு ஆறு வருடத் தலைவலி.

"நான் எப்பம் சாவேன்னு எழுத எத்தனாவது கட்டம் மேடம்?" என்றார்.

"அப்படி இல்ல சார். உங்களுக்கு அப்புறம் யாருன்னு எல்லா இடத்துலயும் இப்போ கேக்கறாங்க."

"எனக்கு அப்புறம் குளம் இருக்கும். நாரை இருக்கும். போதாதா?"

மேடம் என் பக்கம் கையைக் காட்டினார். "பொன்செல்வி இருக்காங்களே."

"இவளா?" சார் என்னைப் பார்க்காமலே சிரித்தார். "மணிக்கொரு தரம் வீட்டுக்கு ஓடுதா. நாரை குஞ்சு பொரிச்சா அதப் பாப்பாளா, தன் குஞ்சப் பாப்பாளா? பெங்களூர்ல என் பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் இருக்கான். கலியாணமே கட்டல. அவன் பேரு போடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். காவலாளிகூட. நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 8 அறங்காவலர் கூட்டம். அதற்குள் ஒரு பெயர் முடிவாக வேண்டும். என் ஒப்பந்தம் மார்ச் 31 வரை. இந்தக் குவார்ட்டர்ஸும் அதுவரைதான். பெங்களூர்க்காரன் வந்தால் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் குஜராத்துக்குப் போக வேண்டும். அங்கே காற்றாலை வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரர், நாலு பேரோடு ஒரே தகரக் கூரையின்கீழ் படுக்கிறார்.

ஆதிரைக்கு மூக்கடைப்பு. இவள் தூங்கின பிறகுதான் எழுத முடிகிறது. எழுதும்போதும் ஒரு காது அந்த மூச்சில்.

ஜனவரி 23

படிவத்தைச் சார் திருப்பிக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்லக் காவலாளி நிரப்பியிருக்கிறான். என்னிடம் சொல்லி எழுதவைத்தால் என்ன, வாய் தேய்ந்துவிடுமா?

ஒன்பதாவது கட்டம்: ‘நிறுவனர் மட்டுமே அறிந்தவை.’ அதற்கு ஒரு முழுப் பக்கம் விட்டிருந்தார்கள். அதில் ஒரே சொல். ‘ஒன்றுமில்லை.’

பச்சைப் பொய். இந்த அறக்கட்டளையில் முக்கியமானது எதுவும் காகிதத்தில் கிடையாது. நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் மாசியில் வேண்டும். குஞ்சுகள் பறக்கும்வரை குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். வற்றினால் மீன் இல்லை, தாய்ப் பறவை கூட்டை விட்டுப் போய்விடும், நாய் உள்ளே நடந்து வரும். அதனால் ஊருக்கும் சாருக்கும் ஒரு வாக்கு. ஒவ்வொரு மாசியிலும் இவர் கரையில் நின்று, "குஞ்செல்லாம் பறந்தாச்சு" என்று வாயால் சொன்னால்தான் மடை திறக்கும். அவர் சொல்லாதவரை பயிர் காய்ந்தாலும் ஒருத்தரும் ஷட்டரைத் தொடமாட்டார்கள். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. முப்பத்தாறு வருடம்.

அந்த வாக்கை யாரிடம் கொடுக்கப்போகிறார்? ‘ஒன்றுமில்லை’யாம்.

ஜனவரி 30

இன்று கூடு கணக்கெடுப்பு. வழக்கம்போல அவர் பார்வைக் கோபுரத்தில் தொலைநோக்கி முன்னால் உட்கார்ந்து எண்ணைச் சொல்வார், நான் கீழே நின்று எழுதுவேன்.

"மூணாம் மரம். முப்பத்திநாலு கூடு."

மூன்றாம் மரத்தில் இருபத்தொன்று. வெறும் கண்ணுக்கே தெரியும்.

"நாலாம் மரத்து உச்சியில ஒரு பெரிய கொக்கு. போன வாரமும் அங்கதான் இருந்துச்சு. சோம்பேறிப் பய."

அது உரச்சாக்கு. காற்றில் பறந்து போய் முள்ளில் மாட்டியது. மூன்று வாரமாக அதைக் கொக்கு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் சார்."

இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் சொன்னது. இன்னொன்றில் நான் எண்ணியது. ஆண்டறிக்கையில் போவது என்னுடையது. இரண்டு வருடமாக அப்படித்தான். அவருக்காகச் செய்யவில்லை. எண் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6

அலுவலகப் பின்னறை உத்திரத்தில் சேலையைக் கட்டி ஆதிரைக்குத் தொட்டில் போட்டிருந்தேன். பகலில் இரண்டு மணி நேரம் தூங்குவாள். ஒரு சத்தம் கிடையாது. இன்று நான் களத்திலிருந்து வருவதற்குள் தொட்டில் இல்லை. குழந்தை தரையில், பாயில்.

"இது ஆபீஸு. பிரசவ வார்டு இல்ல" என்றார், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு.

"தூங்கற பிள்ளைய எறக்கினீங்களா சார்?"

"முழிச்சிட்டு அழுதுச்சு. எடுத்துக் கீழ விட்டேன். கடிக்கல."

சேலை எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அவர் முன்னால் அழுவதற்குப் பதில் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம். கடித்துக்கொண்டேன்.

கண் தெரியாத மனிதர் என் பிள்ளையைத் தூக்கியிருக்கிறார். கீழே போட்டிருந்தால்? தலை சுவரில் இடித்திருந்தால்? நாலு தடவை மண்டையைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 7

மண்டையை மறுபடியும் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை.

பிப்ரவரி 14

மைதிலி மேடம் போனில் பேசினார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். போர்டுல பாதிப் பேர் உங்க பக்கம். ஆனா அவர் பெங்களூர் பேரைச் சொல்லும்போது எதிர்த்துப் பேச எங்ககிட்ட காரணம் இல்ல. ஊர் அவரைத்தான் நம்புது. அவர் ஒரு தப்பும் பண்ணினதில்லையே."

"ம்" என்றேன்.

அவர் கண்ணைப் பற்றி நான்தான் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் கோள் சொன்னதாக ஆகும். நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

பிப்ரவரி 24

பலவேசம் வந்திருந்தார். மடை பார்க்கிறவர், அவர் அப்பா காலத்திலிருந்து ஷட்டர் அவர்கள் கையில்தான். வாசலிலேயே நின்றார்.

"வாத்தியாரய்யா, நெல்லு பால் பிடிக்குது. பள்ளத்து வயல்ல வெடிப்பு விட்டிருக்கு. ஊர்ல எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்காவ. எப்பம்னு சொன்னியள்னா..."

சார் காலண்டரைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம காலையில."

"எல்லாம் பறந்துருமாய்யா?"

"முப்பத்தாறு வருசமா என்னயக் கேட்டுட்டுத்தானடே தெறக்க? இப்பம் என்ன சந்தேகம்?"

"சந்தேகம்லாம் இல்லய்யா. ஒரு பேச்சுக்கு."

நாலு நாள் இருக்கிறது.

பிப்ரவரி 26, புதன்

ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையைச் சுற்றிக் கிழக்கு மூலைவரை நடந்தேன். கோபுரத்திலிருந்து அந்த மூலை தெரியாது, வளைவு மறைக்கும். நல்ல கண் உள்ளவர்களுக்கே நடந்து போனால்தான் உண்டு.

பதினோரு கூடு. மஞ்சள்மூக்கு நாரை. பிந்திப் பொரித்தவை. இருபத்துமூன்று குஞ்சு. உடம்பில் இன்னும் வெள்ளைப் பஞ்சு. இறகு முளைத்து, சிறகடித்துப் பழகி, பறக்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும். தாய் வந்து வாயிலிருந்து மீனைக் கக்கியதும் எல்லாம் ஒரே கத்தல். ஆதிரையும் கூடக் கத்தினாள். கை தட்டினாள். இந்த வாரம்தான் கை தட்டப் பழகியிருக்கிறாள்.

பலவேசம் எதிரே கரையில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா, இங்கிட்டும் இருக்குதா? எத்தன இருக்கும்?"

"எண்ணிட்டு இருக்கேன் அண்ணாச்சி."

"அய்யாட்ட சொல்லிருவியள்லா?"

"சொல்லிருதேன்."

நாளைக் காலையில் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 27

ஆதிரைக்கு வயிற்றுப்போக்கு. அலுவலகம் போகவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

ஒழுங்காக எழுத வேண்டும். நடந்தது நடந்தபடி.

காலை ஏழரை. கரையில் முப்பது, நாற்பது பேர். பலவேசம் குளித்து நெற்றி நிறைய நீறு பூசி, ஷட்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில். யாரோ மஞ்சள் தடவி வைத்திருந்தார்கள். சார் வெள்ளை வேட்டி. கைத்தடி கிடையாது, வைத்துக்கொள்ளமாட்டார். என் தோளைத் தொடாமல், என் காலடிச் சத்தத்தை வைத்து நடந்துவந்தார். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். குரலைத் தாழ்த்தி, உதடு அசையாமல் கேட்டார்.

"கிழக்கு மூலை?"

அவ்வளவுதான். ஆறு வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, சொல்லுவார், ஏவுவார். இதுதான் முதல் கேள்வி.

"நேத்து கோபுரத்துல ஏறி நீங்களே பாத்தீங்கல்ல சார்" என்றேன். "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்."

கூட்டத்தில் ஒரு கிழவி, "வெயில் ஏறுது, சட்டுனு சொல்லும்யா, காப்பித்தண்ணி கூடக் குடிக்கல" என்றாள். சிரிப்பு எழுந்தது. சார் சிரிக்கவில்லை. கையை நீட்டிச் சக்கரத்தின் இரும்பைத் தொட்டார்.

"பாத்தேன்" என்றார் என்னிடம்.

பிறகு ஊரைப் பார்த்து, சத்தமாக: "குஞ்செல்லாம் பறந்தாச்சு. மடையத் தெறங்க."

பலவேசம் சக்கரத்தைப் பிடித்தார். திருப்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஆதிரைக்குத் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. நிமிர்ந்தபோது தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நேற்று அவர் கோபுரத்தில் ஏறினார். தொலைநோக்கியில் அரை மணி நேரம் பார்த்தார். அது உண்மை.

மார்ச் 1

கடலைமாவு, டயப்பர், ஓமவாட்டர். கேஸ் பதிவு செய்ய வேண்டும்.

மார்ச் 3, திங்கள்

நேற்று விடிகாலையில் பலவேசம் தானாகவே ஷட்டரை இறக்கிவிட்டார். கிழக்கு மூலைப் பக்கம் மாடு மேய்க்கப் போனவர் பார்த்திருக்கிறார். மேட்டு வயல்காரர்கள் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். "எங்க நெல்லு என்னடே பாவம் பண்ணுச்சு? வாத்தியாரே சொல்லியாச்சு, நீ யாருடே மூட?" அவர் கையை எடுக்கவில்லையாம்.

ஆனால் கிழக்கு மூலைதான் மேடு. அங்கே தண்ணீர் முதலில் வற்றிவிட்டது. சேறு. தாய்ப் பறவைகள் முந்தாநாளே கிளம்பிவிட்டன. பசியில் குஞ்சுகள் ஒன்றை ஒன்று முட்டி விழுந்திருக்கின்றன. விழுந்ததை நாய் கடித்துப் போட்டிருக்கிறது.

நானும் பலவேசமும் பொறுக்கினோம். நாலாம் மரத்து உரச்சாக்கை அவர் துரட்டியால் இழுத்து எடுத்தார்; அதில் போட்டோம். பிடித்தால் ஒன்றுமே இல்லை, வெறும் பஞ்சு மாதிரி. சில இன்னும் சூடாக இருந்தன.

அவர் பேசியது ஒரே ஒரு தடவைதான். சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, "எண்ணிக்கிடுங்கம்மா. நீங்கதான எண்ணுவிய" என்றார்.

பத்தொன்பது. நாலு பிழைத்திருக்கின்றன. பின்னறையில் அட்டைப் பெட்டியில் வைத்து மீன் ஊட்டுகிறோம்.

மைதிலி மேடத்துக்குப் படம் அனுப்பினேன். அனுப்ப வேண்டியது என் வேலை.

மாலையில் குஜராத்திலிருந்து இவர் பேசினார். எல்லாம் சொன்னேன். "வியாழக்கெழம வீடியோ கால்ல பேசினியே, அது ஆபீஸ்லருந்துதான? பின்னால கோபுரம் தெரிஞ்சுதே. அன்னைக்கே அவர்ட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

கொஞ்ச நேரம்தான் போயிருந்தேன். காலையில் ஆதிரைக்கு வயிறு சரியில்லாமல்தான் இருந்தது. மத்தியானம் சரியாகிவிட்டது. சார் பிஸியாக இருந்தார்.

மார்ச் 5

பெட்டியில் மூன்று.

மார்ச் 8, சனி

கூட்டம் முடிந்துவிட்டது. நான்தான்.

அறங்காவலர்கள் ஆறு பேர், சார், நான். ஆதிரை என் மடியில் பேனா மூடியைச் சப்பிக்கொண்டு. சார்தான் ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். சண்டைக்கு நிற்பார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எனக்குக் கண்ணு போயி ரெண்டு வருசம் ஆச்சு. நடுவுல ஒண்ணும் தெரியாது. ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம். ஒருத்தர்ட்டயும் சொல்லல. திமிரு."

மைதிலி மேடம், "சார், ரிப்போர்ட்ல எண்ணெல்லாம் சரியாத்தானே வந்துது?" என்றார்.

"நான் ஒரு எண்ணு சொல்லுவேன். ஆண்டுக் கூட்டத்துல நீங்க வேற எண்ணு வாசிப்பிய. காது நல்லாத்தான் கேக்கு." என் பக்கம் கையை நீட்டினார், விரல் ஆதிரையின் தலைக்கு மேலே. "இவ திருத்துதான்னு அப்பமே தெரியும். திருத்தட்டும்னு விட்டேன். ஒன்பதாவது கட்டத்துல ஒன்றுமில்லைன்னு எழுதச் சொன்னேன்லா, அது பொய் இல்ல. எனக்குத் தெரிஞ்சது பூரா இவளுக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சார் பெங்களூர் பேரைச் சொன்னீங்க?"

"உசுப்பேத்தத்தான். சண்டை போட்டு வாங்கட்டும்னு பாத்தேன். சும்மா குடுத்தா இந்த ஊரு மதிக்காது. என் மூஞ்சிக்கு நேரா, ‘உமக்குக் கண்ணு தெரியலவே, எந்திரிம்’னு ஒரு நாள் சொல்லுவான்னு காத்துக்கிடந்தேன்."

ஆதிரை கீழே போட்ட பேனா மூடியை நான் குனிந்து எடுத்தேன்.

"சொல்லல" என்றார். "இப்பம் என்னைவிட அவளுக்கு ஒண்ணு கூடுதலாவே தெரியும். அவளையே போடுங்க."

என்ன சொல்லவருகிறார் என்று மேடம் கேட்டார். அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்துவிட்டார். எனக்கும் புரியவில்லை.

எல்லாரும் கை கொடுத்தார்கள். ஆதிரையின் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

மார்ச் 10

சாரின் அறையைக் காலி செய்தோம். மேஜையின் கீழ் இழுப்பறையில் என் தொட்டில் சேலை. மடித்து இருந்தது. முடிச்சு விழுந்த இடத்தில் துணி இற்று, கை நுழைகிற அளவுக்குக் கிழிசல். இன்னும் இரண்டு ஆட்டம் ஆட்டியிருந்தால் மொத்தமாகக் கிழிந்திருக்கும்.

கழற்றும்போது அவர் கிழித்ததாகத்தான் இருக்கும்.

மார்ச் 21, வெள்ளி

முறைப்படி ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். ஆதிரைக்கு ஒரு பிஸ்கட். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

எழுதி வைத்திருந்ததைப் பேசினேன். இனிமேல் குளத்தை மாதம் இரண்டு தடவை சுற்றி நடந்து கணக்கெடுப்போம், கிழக்கு மூலை உட்பட. வருகிற மாசியில் நானே கரையில் வந்து சொல்வேன் என்று. முடித்ததும் எல்லாரும் பலவேசத்தைப் பார்த்தார்கள்.

"ஊரு பேசியாச்சும்மா" என்றார். "வாக்கு வாத்தியாரய்யாவுக்குக் குடுத்தது. அவரோட அது முடிஞ்சுபோச்சு. வாற மாசியில நெல்லு எப்பம் கேக்கோ அப்பம் தெறந்துக்கிடுதோம்."

"அண்ணாச்சி, அவருக்குக் கண்ணு தெரியாம நடந்த தப்பு அது. நான் சரியா எண்ணுவேன். ஒண்ணு விடாம எண்ணுவேன்."

"அது தெரியும்மா. இருவத்திமூணும் எண்ணிட்டுத்தான நின்னிய அன்னைக்கு."

ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணு தெரியாதவரு தப்பாச் சொன்னாரு. அத ஊரு தாங்கிக்கிடும்" என்றார் பலவேசம். கோபமே இல்லை குரலில். கோபப்பட்டிருக்கலாம். "நீங்க டீயக் குடிங்க. ஆறுது."

குடித்தேன். சர்க்கரை அதிகம்.

திரும்பும் வழியில் சாரின் வீட்டு வாசலைக் கடக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யார் என்று கேட்கவில்லை. ஆதிரை கத்தினாள். காலை மட்டும் ஒரு தடவை தூக்கி வைத்துக்கொண்டார், வழி விடுகிறவர்போல. தெரு பத்தடி அகலம்.

மார்ச் 29

பெட்டியில் இருந்த கடைசிக் குஞ்சும் போய்விட்டது. பறந்து அல்ல.

ஏப்ரல் 1

இயக்குநர் அறையின் உத்திரம் நல்ல தேக்கு. புதுச் சேலையில், இரட்டை முடிச்சில் தொட்டில் கட்டியிருக்கிறேன். இழுத்து இழுத்துப் பார்த்தேன். இனி இந்தக் கட்டடத்தில் என் பிள்ளையை யாரும் இறக்கமாட்டார்கள்.

மைதிலி மேடம் படிவத்தின் புதுப் பிரதியை அனுப்பியிருக்கிறார். பதவி ஏற்றவுடனே அடுத்தவருக்கான திட்டத்தைத் தொடங்கிவிட வேண்டுமாம். இந்தத் தடவை தாமதம் கூடாதாம். ஏறின அன்றைக்கே இறங்கும் படியைக் கேட்கிறார்கள். சார் சொன்னது சரிதான், சாவதற்கு மட்டும்தான் கட்டம் இல்லை.

நாளைத் தபாலில் போக வேண்டும். பகலில் இவள் விடவில்லை. இப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஆறாவது கட்டம்: ‘ஊருடனான உடன்பாடு நடப்பில் உள்ளதா?’ ஆம் என்பதில் டிக் போட்டேன். அடுத்த மாசிக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. பேசிப் பார்க்கலாம்.

ஒன்பதாவது கட்டத்தின் தலைப்பை மாற்றியிருக்கிறார்கள். ‘தற்போதைய தலைவர் மட்டுமே அறிந்தவை.’ இதற்கும் ஒரு முழுப் பக்கம்.

தொட்டிலில் ஆதிரை புரண்டாள். எழுந்து போய் மூச்சைப் பார்த்தேன். சீராக இருக்கிறது. நெற்றியில் சூடு இல்லை. திரும்ப வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து போய்ப் பார்த்தேன்.

பிறகு பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் நடுவில், அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஒன்றுமில்லை.